மொட்டைக் கரட்டின் முறைக்கோல்

லூர்துமேரியின் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. நடுவில் வெளுத்து, ஓரத்தில் கருத்து, புளியங்கொட்டை அளவுக்குக் கிடக்கும். அடுப்பில் சுட்டுக்கொண்டாயா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு கற்பூரத்தில் தொடங்கி, ஒரு கரட்டுக் குன்றில் ஏறி இறங்கி, ஃபாதர் இருதயராஜின் ஆபீஸ் வாசலில் போய் நிற்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லக்கூடிய கதையா அது?

அவள் அப்பா காரிமங்கலம் பக்கத்தில் ஒரு காலனியில் உபதேசியார். பாதிரியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவது எல்லாம் அவர்தான். வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் இருந்தது, கண்டிப்புக்குப் பஞ்சமே இல்லை. மாரியம்மன் பண்டிகையில் பள்ளித் தோழி கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டு வந்த மகளை முட்டிபோட வைத்து, ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்ல வைத்தவர். கற்பூர வாசனை வந்தால் தெருவின் மறுபக்கம் ஒதுங்கிப் போவார். பிற்பாடு லூர்துமேரி செய்த காரியத்தை அவள் தெரியாமல் செய்யவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆரோக்கியத்துக்கு வாழ்க்கைப்பட்டு, நல்லம்பள்ளியில் வாடகை வீட்டுக்கு வந்தாள். ஆரோக்கியத்துக்கு ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை புருஷனாக இருப்பான், மற்ற நாட்களில் போனில் ஒரு குரல். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நல்லாயன் நிலவளச் சங்கத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தாள். சங்கத்தின் சின்னம் ஒட்டிய ஸ்கூட்டி ஒன்று கொடுத்தார்கள். அதில் அவள் போகாத மண் ரோடு அந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது.

சங்கத்தின் இயக்குநர் ஃபாதர் இருதயராஜ். நல்ல மனிதர்தான். சிரித்த முகம், கதர்ச் சட்டை, எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசைப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்வார். கடவுள் ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது தின்பதற்கு மட்டுமல்ல, காப்பதற்கும்தான் என்று அவர் பிரசங்கம் வைக்கும்போது லூர்துமேரிக்கு உடம்பு சிலிர்க்கும். கடல் தாண்டி ஒரு கிறிஸ்தவ உதவி நிறுவனம் சங்கத்துக்குக் கை கொடுத்தது. உள்ளூரில் அரசாங்கத்தின் ஓர் அலுவலகம் கூட்டுச் சேர்ந்தது. அதை ஊர்க்காரர்கள் ‘துறை’ என்று மட்டும்தான் சொல்வார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். சர்ச், வெளிநாடு, சர்க்கார் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மொட்டையாகக் கிடக்கும் கரடுகளைப் பச்சையாக்குவது என்று முடிவெடுத்தன. கரட்டில் ஆடு மேய்ப்பவர்களுக்கு மட்டும் அந்த மேசையில் நாற்காலி போடவில்லை. அவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கி வருவது லூர்துமேரியின் வேலை.

அப்படித்தான் அவள் சின்னப்பாறைக்கொட்டாய்க்குப் போனாள். வத்தல்மலை அடிவாரத்தைப் பார்த்துப் போகிற வழியில் அந்த ஊர். ராகியும் கொள்ளும் போட்டுப் பிழைக்கிற குடியானவர்கள். ஊருக்குப் பின்னால் மொட்டைக் கரடு. பாறை, நடுநடுவே கொஞ்சம் மண், முள்ளு, ஆட்டுப் புழுக்கை, இவ்வளவுதான் அந்தக் கரட்டின் சொத்து. பேருக்கு அது சர்க்கார் புறம்போக்கு, பழக்கத்தில் ஊர்ப் பொது. ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட, ஆடும் புல்லும் விறகும் பெண்கள் பொறுப்பில் இருந்தன.

அந்தப் பெண்களுக்கெல்லாம் வாய், குள்ளம்மாள். பேர்தான் குள்ளம்மாள், ஆள் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். ஊரிலேயே பெரிய ஆட்டு மந்தை அவளுடையது. லூர்துமேரி முதல் நாள் வெயிலில் போய் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, குள்ளம்மாள் சொம்போடு வந்தாள்.

“எந்த ஊரும்மே நீ?”

“காரிமங்கலம் பக்கம்ங்க்கா.”

“காரிமங்கலம்னா எந்தப் பக்கம்?”

லூர்துமேரி காலனியின் பேரைச் சொன்னாள். குள்ளம்மாள் முகம் ஒன்றும் மாறவில்லை. சொம்பை மட்டும் கையில் கொடுக்காமல் சற்று உயர்த்திப் பிடித்தாள். லூர்துமேரி குனிந்து இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். அவளுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஸ்கூட்டியில் திரும்பும்போது கொஞ்சம் வயிறு எரிந்தது, மறுநாள் திரும்பவும் போனாள்.

ஒரு வருடம் போல அலைந்தாள். கரட்டை ஐந்து வருடம் மூட வேண்டும், ஆடு ஏறக் கூடாது, செடி தலையெடுக்க வேண்டும் என்று வாய் வலிக்கச் சொன்னாள். பெண்கள் மடியில் மொச்சைக்காயைப் போட்டு உரித்துக்கொண்டே கேட்டார்கள், சிரித்தார்கள், எழுந்து போனார்கள்.

“கரட்ட மூடிப்புட்டா ஆட்ட எங்க ஓட்டறது? எங்கூட்டு அட்டாலிலயா ஏத்திவிடறது?” என்றாள் குள்ளம்மாள்.

“அஞ்சு வருசந்தானுங்க்கா. அப்புறம் நீங்களே புல்லு அறுத்துக்கலாம், காஞ்ச வெறவு பொறுக்கிக்கலாம். இப்போ கெடைக்கறதவிட நெறையாக் கெடைக்கும். ஆட்ட கட்டிப்போட்டே வளக்கலாம்.”

“மூடறவங்க தொறப்பாங்கன்னு உனக்கு யாரு சொன்னது?”

அந்தக் கேள்வியை லூர்துமேரி ஃபாதரிடம் கொண்டு போனாள். ஃபாதர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“அந்த மக்களுக்காகத்தானே மேரி எல்லாமே! அவங்க புல்லை அவங்க அறுக்க, யாரு வந்து தடுக்கப் போறா? நான் சொன்னேன்னு தைரியமா சொல்லு.”

“எழுதிக் குடுத்தா நம்புவாங்க ஃபாதர்.”

“நம்பிக்கை காகிதத்துல முளைக்காதும்மா. மனசுலதான் முளைக்கணும்.”

அவளுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போனது. சின்னப்பாறைக்கொட்டாய் போய்ச் சேரும் வரை ஸ்கூட்டியில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களை நம்புவது அவள் வளர்ந்த விதம். பிரசங்கத்தைச் சந்தேகப்பட உபதேசியார் வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

குள்ளம்மாளுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

“அது உங்க சாமியாரு வார்த்தை. அவருகிட்டயே இருக்கட்டும். ஒரு வருசமா வெயில்ல வந்து நிக்கறவ நீ. நீ சொல்லு. முனியப்பன் முன்னால கற்பூரம் அணைச்சிச் சொல்லு, நாங்க ஆட்ட வித்துப்புடறோம்.”

கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். “அவ வேதக்காரி. காலனி வேற. முனியப்பங்கிட்ட வரலாமா?”

“ஆட்ட வில்லுன்னு சொல்லறதுக்கு மட்டும் வரலாமா?” என்று குள்ளம்மாள் திருப்பிக் கேட்டாள்.

கரட்டடியில் முனியப்பன் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார், பெரிய மீசையும் உருட்டிய கண்ணுமாக. முன்னால் ஒரு பலகைக் கல். அதன்மேல் கட்டிக் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்கள். லூர்துமேரிக்கு முட்டி வலித்தது, சின்ன வயதில் முட்டிபோட்ட வலி. அப்பா செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இருந்தாலும் அவர் தெருவின் மறுபக்கம் நின்று பார்ப்பது போலவே இருந்தது. அவள் ஃபாதரை நினைத்தாள், அவருடைய சிரித்த முகத்தை நினைத்தாள். அவர் சொன்னது பொய்யாகுமா? பொய்யாகாத ஒன்றை எந்தச் சாமி முன்னால் சொன்னால்தான் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டு கையை நீட்டினாள்.

“அஞ்சு வருசம் கழிச்சி இந்தக் கரட்டுல உங்க அருவாள யாரும் தடுக்க மாட்டாங்க. இது சத்தியம்.”

கற்பூரத்தை அணைக்க ஒரு முறை இருக்கிறது. கையைச் சடாரென்று அடித்து எடுத்துவிட வேண்டும், சூடு உறைக்காது. ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கற்பூரத்தையே தொடாமல் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஜெபத்தில் கை வைப்பது போல மெதுவாக வைத்தாள், வைத்து அமுக்கிக்கொண்டே நின்றாள். தோல் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கூட்டம் பதறியது.

“அடிப் பைத்தியமே! அடிச்சி அணைப்பாங்களா, அமுக்கிப் புடிப்பாங்களா?” என்று கத்திக்கொண்டே குள்ளம்மாள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். வேலியோரத்துச் சோற்றுக் கற்றாழையை ஒடித்து, அந்தச் சதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அந்த ஊரில் ஓர் ஆள் லூர்துமேரியின் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் வீட்டுக்குள் கூட்டிப்போய், தன் டம்ளரிலேயே காபி கொடுத்தாள். டம்ளர் சூட்டில் புண் எரிந்தது. லூர்துமேரிக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

அடுத்த சந்தைக்குக் குள்ளம்மாள் மந்தையை ஓட்டிப் போனாள். சினையாக இருந்த ஓர் ஆட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விற்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விற்றார்கள்.

குழி வெட்டும் நாளில் பெரிய விழா. பந்தல், பூமி பூஜை, தேங்காய், மேளம். துறை அதிகாரிகளும் வெளிநாட்டு விருந்தாளிகளும் வந்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டை நீட்டியபோது ஃபாதர் இருதயராஜ் இரண்டு கையாலும் தீபத்தை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார். பண்பாட்டை மதிப்பது என்று அதற்குப் பெயர். சங்கத்தின் திட்ட அலுவலர் பிரபாகர், சென்னையில் படித்த இளைஞர், அதைப் படம் எடுத்தார். கட்டுப் போட்ட லூர்துமேரியின் கையைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்டார். கட்டை அவிழ்க்கச் சொல்லி அதையும் படம் எடுத்தார். சங்கம் போட்ட அந்த வருட மலரின் அட்டையில் அவள் உள்ளங்கை வந்தது. ‘மரங்களுக்காக நெருப்பைத் தொட்ட கை’ என்று கீழே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் ஃபாதர் அந்தக் கதையைத் தானே சொல்வார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

கரட்டைக் காத்தது பெண்கள். அதற்குச் சங்கம் ஒரு வழி சொன்னது, அவர்கள் கேட்கவில்லை. கொள்ளுக்காட்டுக் காவலுக்கு ஊரில் பழைய முறைக்கோல் ஒன்று இருந்தது, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆன மூங்கில். அதைக் கரட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். காலையில் கதவைத் திறக்கும்போது கோல் யார் வாசலில் சாத்தியிருக்கிறதோ, அன்றைக்குக் காவல் அந்த வீட்டுடையது. கோலோடு போய்ச் சூரியன் சாயும் வரை கரட்டில் இருந்துவிட்டு, வந்து அடுத்த வீட்டு வாசலில் சாத்த வேண்டும். சாத்துகிறவள் கதவைத் தட்டக் கூடாது, வாயால் சொல்லக் கூடாது. காவலுக்குப் போகாமல் கோலை அடுத்த வீட்டுக்குத் தள்ளவும் கூடாது. நாட்டாமை வீட்டு ஜானகியம்மாள் ஒரு தடவை முட்டி வலி என்று படுத்துக்கொண்டாள். கோல் அவள் வாசலிலேயே கிடந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கோலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அவள் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு கரடு ஏறினாள்.

கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள். வேம்பும் புங்கனும் உசிலையும் பிடித்துக்கொண்டன. பாறை இடுக்கெல்லாம் கொழுக்கட்டைப் புல் எழுந்தது. கீழே கிணறுகளில் தண்ணீர் ஏறியது. லூர்துமேரி ஒவ்வொரு மழைக்கும் அங்கே ஓடினாள். குள்ளம்மாளோடு கரட்டில் உட்கார்ந்து களியும் கீரையும் தின்றாள், ஒரே தட்டில் இல்லையென்றாலும் ஒரே நிழலில். அவள் வாழ்க்கையில் அவை நல்ல வருடங்கள். அதை மறுக்க முடியாது, மறுக்க முடியாததுதான் வயிற்றெரிச்சல்.

ஐந்தாம் வருட முடிவில் மறுபடி பந்தல். மூன்று சின்னம் போட்ட பெரிய பலகை கரட்டடியில் நின்றது, கூடவே கம்பி வேலியும் இரும்புக் கதவும். துறையின் பெரிய அதிகாரி பேசினார். மனிதக் கை படாததால்தான் இந்தக் காடு வளர்ந்தது, இனிமேலும் படாமல் காப்போம் என்றார். குடம் சுமந்து காய்ப்புப் பிடித்த கைகள் அத்தனையும் பந்தலில் உட்கார்ந்து கைதட்டின. மேடையில் சால்வையோடு நின்ற லூர்துமேரிக்கு மட்டும் எங்கேயோ சுருக்கென்றது.

“இனிமே யாரும் உள்ள போவக் கூடாதுன்னா சொல்லறாரு?” என்று பிரபாகரிடம் கேட்டாள்.

“அதெல்லாம் விழாப் பேச்சுக்கா. பொதுவா சொல்றது.”

அவள் அதை நம்பினாள். நம்ப வேண்டும் என்று இருந்தது, அதனால் நம்பினாள்.

கார்த்திகைத் தீபம் முடிந்து புல் முற்றியது. ஒரு காலையில் பெண்கள் எல்லோரும் அரிவாளும் கயிறுமாகக் கிளம்பிப் போனார்கள், கல்யாணத்துக்குப் போவது போலப் பேசிச் சிரித்துக்கொண்டு. கதவில் மாதப்பன் நின்றான். குள்ளம்மாளின் கொழுந்தன். அவனைத் துறை காவலுக்கு வைத்திருந்தது, காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தது.

“உள்ள வுட முடியாதுங்க அண்ணி. உத்தரவு.”

“டேய் மாதப்பா, இந்தக் குழிய நீயும் நானுந்தானடா வெட்டினோம்?”

“ஆமாங்க அண்ணி. ஆனா இப்போ இது அவங்களுது. அருவாளக் குடுத்துருங்க. புடிச்சி வெச்சேன்னு போட்டோ அனுப்பணும், இல்லைன்னா எம்பொழப்பு போயிரும்.”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது என்று சொல்கிறார்கள். அரிவாள்களைக் குவித்துப் படம் எடுத்ததும் அவன்தான். குள்ளம்மாள் அங்கிருந்தே லூர்துமேரிக்குப் போன் போட்டாள். திட்டவில்லை. “அருவாள தடுத்துட்டாங்கம்மே” என்று மட்டும் சொன்னாள்.

லூர்துமேரி நேரே ஃபாதர் ஆபீசுக்குப் போனாள். அவர் மேசையில் புதிய விருந்தாளிகளுக்காக அந்த மலர் அடுக்கி வைத்திருந்தது, அட்டையில் அவள் கை.

“மரம் நிக்குதே மேரி,” என்றார் ஃபாதர். “கிணத்துல தண்ணி ஏறியிருக்கு. அது அவங்களுக்கு நல்லதுதானே?”

“புல்லுங்க ஃபாதர்?”

“கரட்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நிபந்தனை போட்டுத்தான் துறை கூட வந்தாங்க. ஒத்துக்கலைன்னா அடுத்த கரடு நமக்குக் கிடையாது. இன்னும் எத்தனை கரடு மொட்டையா கிடக்கு, யோசிச்சுப் பாரு.”

“இந்த நிபந்தனை உங்களுக்கு எப்போ ஃபாதர் தெரியும்?”

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆரம்பத்துலயே ஒரு பேச்சு இருந்துச்சு.”

“அப்போ என்னைய ஏன் ஃபாதர் அப்படிச் சொல்லச் சொன்னீங்க?”

“நம்பிக்கை குடுன்னுதான் சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னேனா? அதுவும் முனியப்பன் முன்னாடி, கற்பூரத்துல!” அவர் குரல் இறங்கியது, அக்கறையோடுதான் பேசினார். “உபதேசியார் பொண்ணு நீ. இது எவ்வளவு பெரிய பாவம்னு உனக்குத் தெரியாதா? நல்லபடியா ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணு. மேலிடத்துக்குத் தெரிஞ்சா எனக்கும் சங்கடம்.”

லூர்துமேரி மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இத்தனை வருடம் தழுதழுத்துச் சொன்ன கதை ஒரே நாளில் பாவமாகிவிட்டது. பொய் சொன்னது பாவமில்லையாம், அந்தப் பொய்யை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டதுதான் பாவமாம்.

“ஒரே ஒரு தடவ எங்கூட ஊருக்கு வந்து நீங்களே சொல்லிருங்க ஃபாதர். நான் சொன்னது உங்க வார்த்தைன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“நான் வந்தா பிரச்சினை பெரிசாயிடும்மா. கூட்டாளிகளுக்குள்ள மனஸ்தாபம் வரும். நீ கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வெடு. ஜெபம் பண்ணு. நானும் உனக்காக வேண்டிக்கறேன்.”

பிரபாகர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டி சாவியை வாங்கிக்கொண்டார்.

பஸ் ஏறி, இறங்கி, நடந்து அவள் ஊருக்குப் போனாள். பெண்கள் குள்ளம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு உட்கார இடம் விட்டார்கள், பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

“நான் சொன்னது பொய்யாப் போயிருச்சிங்க்கா,” என்றாள் லூர்துமேரி. “எனக்கு அப்போ தெரியாதுங்க.”

“தெரியாம எதுக்குக் கைய வெச்ச?” என்றாள் குள்ளம்மாள்.

வெயிலில் நடந்து வந்தவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. குள்ளம்மாள் உள்ளே போய்ச் சொம்போடு வந்தாள், சொம்பை உயர்த்திப் பிடித்தாள். லூர்துமேரி இரண்டு கையையும் ஏந்தினாள். தண்ணீர் தழும்பின்மேல் விழுந்து விரலிடுக்கில் ஒழுகியது. முதல் நாள் எரிந்த வயிறு இன்றைக்கு எரியவில்லை, ஏனென்றால் இன்றைக்கு இந்த அவமானத்தில் பாதி தனக்குச் சேர வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் நல்லம்பள்ளி வீட்டுக் கதவைத் திறந்தாள். வாசலில் முறைக்கோல் சாத்தியிருந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை, தெருவில் யாரும் இல்லை. ஊர்க்காரி யாரோ முதல் பஸ்ஸில் வந்து வைத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பியிருக்க வேண்டும். ஊரிலிருந்த அத்தனை வீடும் தங்கள் முறையைச் செய்து முடித்துவிட்டன, மீதி இருந்தது அவள் வீடுதான்.

லூர்துமேரி முகம் கழுவிக்கொண்டு கோலை எடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் கோலைப் பார்த்து என்ன ஏது என்று கேட்டதற்குக் காவலுக்குப் போவதாகச் சொன்னாள். கரட்டடியில் வேலிக்கு வெளியே, இரும்புக் கதவுக்கு எதிரே, கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே அறுக்காத புல் காய்ந்து சாய்ந்து கிடந்தது. மாதப்பன் எழுந்து போகச் சொல்ல வாயெடுத்தான், கோலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவன் வீட்டு வாசலிலும் சாத்திய கோல்தானே அது! காட்டு வேலையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், கிட்டே வரவில்லை. சூரியன் சாயும் வரை இருந்துவிட்டு எழுந்தாள். தன் முறை முடிந்தது, இனி அடுத்த வீட்டுக்குச் சாத்தலாம்.

அடுத்த வீடு எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மறுநாள் ஞாயிறு. காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது சங்கத்தின் வாசலுக்குப் போய், ஃபாதர் இருதயராஜின் கதவில் கோலைச் சாத்தினாள். தட்டவில்லை, வாயால் சொல்லவில்லை. அந்த முறையை அவர் அறிவார். எத்தனை மேடையில் அவரே அதை விளக்கியிருக்கிறார்!

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அந்த வழியாக வந்தாள். முதல் வாரம் கோல் கதவோரம் இருந்தது. அடுத்த வாரம் காணவில்லை. எடுத்துவிட்டாரா? போயிருப்பாரா? ஒருவேளை அந்தக் கரட்டடியில் போய் ஒரு பகல் உட்கார்ந்திருப்பாரா? அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கவலையால் இல்லை, நம்பிக்கையால்.

அதற்கடுத்த ஞாயிறு சங்கத்து வரவேற்பறையில் விளக்குப் போட்டிருந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்றார் காவலாளி. அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரோரம் புதிய கண்ணாடிப் பெட்டி, அடியில் சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் முறைக்கோல். மேலே வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருந்தது. ‘மக்கள் பங்கேற்பின் அடையாளம்: சின்னப்பாறைக்கொட்டாய் மக்களின் அன்பளிப்பு’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். பெட்டிக்குச் சின்னப் பூட்டு.

அன்று மத்தியானம் குள்ளம்மாள் போன் போட்டாள்.

“கோலு இப்போ யாரு வூட்டுல இருக்குதும்மே?”

“ஃபாதர் கிட்டங்க்கா.”

“காவலுக்குப் போனாரா?”

“இல்லீங்க்கா. கண்ணாடிப் பொட்டியில வெச்சிப் பூட்டிட்டாரு.”

அந்தப் பக்கம் கட்டிப்போட்ட ஆடு கத்துவது கேட்டது.

“காவலுக்குப் போவாம அடுத்த வூட்டுக்குச் சாத்த முடியாதே மேரி.”

“முடியாதுங்க்கா.”

“அப்போ அது அங்கதான் கெடக்கும்,” என்று சொல்லிவிட்டுக் குள்ளம்மாள் போனை வைத்தாள்.